கற்பவனுக்குக் கூலி

படிக்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம். படிப்பென்றால் காசு போகிற வழி, வருகிற வழியல்ல. ரியூசனுக்குக் காசு, கொப்பிக்குக் காசு, கம்பஸ் கிடைத்தால் போடிங்குக்குக் காசு. அம்மாவின் காப்பு அடைவுக்குப் போகும். அது மீளுகிற காலமே பிள்ளை 'ஆளாகிற' காலம். தொழில் பழகப் போகிறவனின் கதையும் இதுதான். கராச்சிலோ வெல்டிங் கடையிலோ மகனைக் கொண்டுபோய் விடுகிற தகப்பன், "அடிச்சுப் பழக்குங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். முதல் வருடம் முழுக்க தேத்தண்ணி வாங்குவதும் கூட்டுவதும் சாவி எடுத்துக் கொடுப்பதும்தான். கிழமைக் கடைசியில் முதலாளி கையில் வைக்கும் சில்லறைக்குச் சம்பளம் என்று பெயரில்லை. அது 'சந்தோசம்'. அவர் சந்தோசமாக இல்லாத கிழமையில் அதுவும் இல்லை.

நாம் வந்து சேர்ந்திருக்கும் ஜேர்மனியில் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடம் முடித்து இரும்பு கடையும் தொழிலைப் பழகப் போனால், முதல் மாதக் கடைசியிலேயே அதன் பெயரில் கூலி விழுகிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அரம் பிடிக்கவே தெரியாது. அது செய்த எந்தப் பொருளையும் எவரும் விற்கமுடியாது. அப்படியானால் அந்தக் கூலி எதற்கு? செய்த வேலைக்கா, செய்யப்போகும் வேலைக்கா? அல்லது கற்பதே ஒரு வேலையா? அவரவர் பிள்ளைகளின் கால் யூரோக் கணக்கை விட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. கோப்பை கழுவியும் பீற்சா மா உருட்டியும் பத்து வருடம் போக்கிய எங்களைப் போன்றவர்களுக்கு இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை.

தொழிலின் பெயர் வாய்க்குள் அடங்காது: செர்ஸ்பானுங்ஸ்மெக்கானிக்கர். 'ஸ்பான்' என்றால் சீவல். உலோகத்திலிருந்து சீவல் எடுத்து உருவாக்குகிறவர் என்று பொருள் கொள்ளலாம். கடைசல்காரர், மில்லிங்காரர் என்று தனித்தனியாக இருந்தவர்களை 1987இல் வந்த புதிய ஒழுங்கு இந்தப் பெயருக்குள் கொண்டுவந்தது. மூன்றரை வருடப் பயிற்சி. கிழமையில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மிச்ச நாள் பட்டறை. பரீட்சை இரண்டு பகுதி. சீஎன்சி மெசின்கள் நிரம்பிய தொழிற்சாலையிலும் தொடக்கம் அரமும் வைஸும்தான். ஒரு இரும்புத் துண்டை வாரக்கணக்கில் அராவவேண்டும், பக்கம் நேராகும்வரை, மூலை மட்டமாகும்வரை. பழகியவர்களைக் கேட்டால் முதலில் அந்தத் துண்டைத்தான் சொல்வார்கள், சிலர் இன்றைக்கும் கோபத்தோடு.

கூலி எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுவோம். பயிற்சி பெறுகிறவருக்குத் தகுந்த ஊதியம் கொடுக்கவேண்டும், அது ஒவ்வொரு வருடமும் ஏறவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'தகுந்த' என்பதற்கு ஒரு அடிமட்டம் 2020இல் வந்தது. அந்த வருடம் முதலாண்டுக்காரருக்கு மாதம் 515 யூரோ, 2025இல் தொடங்கியவருக்கு 682 யூரோ. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள பெரிய உலோகத் தொழிற்சாலைகளில் முதலாண்டிலேயே ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் எங்களுக்கெல்லாம் உரிய குறைந்தபட்ச மணிக்கூலி, 2025இல் 12.82 யூரோ, இவர்களுக்கு இல்லை. அந்தச் சட்டம் இவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. தொழிலாளி என்று முழுதாக ஏற்பதுமில்லை, மாணவன் என்று வெறுங்கையோடு விடுவதுமில்லை. இந்த இடைநிலைதான் எங்கள் கேள்வியின் இடம்.

கூலி என்றால் செய்து முடித்த வேலையின் விலை என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். அந்தக் கணக்கில் கற்பவனுக்குச் சேரவேண்டியது எதுவுமில்லை. அவன் கொடுக்கவேண்டியதுதான் உண்டு. அடம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலில் இப்படித்தான் ஒரு யோசனை சொல்கிறார். நீண்டகாலப் பயிற்சி ஒப்பந்தம் என்பதே தேவையற்றது, முதல் நாளிலிருந்தே பிள்ளையைத் தொழிலாளியாக வைத்து அவன் செய்த கொஞ்ச வேலைக்குக் கொஞ்சக் கூலி கொடுங்கள், தெரியாத்தனத்தால் அவன் கெடுக்கும் பொருளுக்கு அவனே காசு கட்டட்டும், அப்போதுதான் கவனமாகப் பழகுவான் என்பது அவர் கட்சி. ஏழு வருடம் ஒரு பிள்ளையைக் கட்டிவைத்து வேலை வாங்கிய முறைக்கு எதிராகப் பேசியவர் அவர். அதற்காக அவரை மதிக்கலாம். ஆனால் கெடுத்த பொருளுக்குக் காசு என்ற இடத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை.

காரணம் எங்களுக்குப் பழக்கமான ஒன்று. நாம் வேலை செய்த குசினிகளில் உடைந்த கோப்பையின் விலை கூலியில் கழிக்கப்பட்டதுண்டு. கருகிய பீற்சாவை மத்தியானச் சாப்பாடாகக் கணக்கில் எழுதியதுண்டு. அதனால் கவனம் வந்ததா? வந்தது. எப்படிப்பட்ட கவனம் என்பதுதான் விசயம். தெரிந்ததை மட்டும் செய்கிற கவனம், தெரியாததைத் தொடாத கவனம். சோஸ் கிண்டத் தெரியாதவன் சோஸ் பக்கம் போகாமல் தட்டுக் கழுவுகிற இடத்திலேயே ஆறு வருடம் நிற்பான். அவனைச் சோம்பேறி என்று சொல்லமுடியாது. அவனுடைய பிழைக்கு அவனே காசு கட்டவேண்டும் என்பதால் பிழைவிட அவனுக்கு வசதியில்லை, அவ்வளவுதான். கடைசல் பட்டறையிலோ, நூறிலொரு மில்லிமீற்றர் கூடிப்போய் எறியப்பட்ட இரும்பு பயிலுனரின் கணக்கில் ஏறுவதில்லை. அது பட்டறையின் செலவு. கற்பவனுக்குக் கொடுக்கும் கூலியில் காசைவிடப் பெறுமதியானது இதுதான் என்று நாம் நினைக்கிறோம்: கெடுக்கிற உரிமை.

இன்னொன்றும் இருக்கிறது. பயிலுனர் ஒவ்வொருவரும் ஒரு பதிவுக் கொப்பி வைத்திருக்கவேண்டும். பெரிக்ட்ஸ்ஹெவ்ற் என்பார்கள். இந்தக் கிழமை என்ன செய்தேன், என்ன பழகினேன், பள்ளியில் என்ன பாடம் என்று அதில் எழுதவேண்டும். பயிற்றுபவர் கையெழுத்து வைக்கவேண்டும். அது இல்லாமல் கடைசிப் பரீட்சைக்கு விடமாட்டார்கள். எழுதுவதற்கு வேலை நேரத்துக்குள்ளேயே நேரம் கொடுக்கவேண்டும் என்பதும் சட்டம். எமக்குத் தெரிந்த தமிழ்ப் பொடியன் ஒருவனின் கொப்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து வாசித்தோம். பிழையும் சரியுமான டொச்சில் எழுதியிருந்தான். சுழலுகிற மெசினில் கையுறை போடக்கூடாது, துணியோடு கையையும் இழுத்துவிடும். சக்கின் சாவியை ஒருபோதும் சக்கில் விட்டுவிட்டு மெசினைத் தொடக்கக்கூடாது. உருக்கு வெட்டுப்படும்போது சீவல் நீலமாக வந்தால் சூடு எங்கே போகிறது. 20 மில்லிமீற்றர் துளைக்கு எச்7 என்று வரைபடத்தில் போட்டிருந்தால் 0.021 மில்லிமீற்றர் வரைதான் கூடலாம், குறையவே கூடாது. அந்தத் துளையைப் பார்க்க இரண்டு முனையுள்ள ஒரு அளவுக்கோல், ஒரு முனை போகவேண்டும், மற்ற முனை போகக்கூடாது.

அந்தக் கொப்பியை மூடியபின் நாம் கணக்குப் பார்த்தோம். எங்கள் பத்து வருடம் ஐந்நூறு கிழமைக்கு மேல். அந்த ஐந்நூறில் இன்றைக்கு இவன் என்ன பழகினான் என்று ஒருவராவது கேட்டு எழுதிக் கையெழுத்து வைத்த கிழமை ஒன்றில்லை. பழகாமல் இல்லை. வெங்காயம் முதல் விலாங்குமீன் வரை வெட்டப் பழகினோம், நாலு மொழியில் திட்டு வாங்கப் பழகினோம். ஆனால் அது எங்கேயும் பதிவாகவில்லை. (இதைச் சொல்லும்போது ஒன்றையும் சொல்லிவிடவேண்டும், பலருக்குத் தெரியாது: ஒரு தொழிலில் அதன் பயிற்சிக் காலத்தின் ஒன்றரை மடங்கு காலம் வேலை செய்தவர் பயிற்சி ஒப்பந்தம் இல்லாமலே கடைசிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். சமையல் தொழில் மூன்று வருடம், ஆகவே நாலரை வருடக் குசினி போதும். ஆனால் வேலை செய்ததற்குக் கடதாசி வேண்டும். பாதிக் காசு கடித உறையில் வாங்கியவர்களிடம் அது எங்கே?)

கற்பவனுக்குக் கூலி என்பது இங்கும் ஆதிகாலம் தொட்டு இருந்ததல்ல. முன்னர் பிள்ளையை மைஸ்ரரிடம் விடும் குடும்பம்தான் அவருக்குக் காசு கட்டியது. லேர்கெல்ட், படிப்புக் காசு. இன்றைக்கும் ஒருவன் பட்டுத் தெளிந்தால் அவன் லேர்கெல்ட் கட்டிவிட்டான் என்று டொச்சில் சொல்வார்கள். இங்கிலாந்திலும் அப்படித்தான். கடைசல் மெசினின் வரலாற்றை எடுத்தால் ஹென்றி மோட்ஸ்லியின் பெயர் வராமல் போகாது. கையில் பிடித்துக் கடைந்த உளியை மெசினிலேயே பூட்டி நகர்த்தும் அமைப்பைத் தொழிற்சாலைக்கு உரியதாகச் செம்மைப்படுத்தியவர்களில் முதன்மையானவர். அவர் ஜோசப் பிராமா என்பவரின் பட்டறையில் முதன்மை வேலையாளாக இருந்து, கிழமைக்கு 30 சிலிங்குக்கு மேல் கேட்டதும் மறுக்கப்பட்டு, 1797இல் வெளியேறித் தனிப் பட்டறை போட்டவர். பிறகு அவரிடம் பெருந்தொகை கட்டிப் பழக வந்த வசதியான வீட்டுப் பிள்ளைகளால் அவருக்கு வெறுப்புத்தான் மிஞ்சியது. வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை, மற்றவர்களையும் கெடுப்பார்கள். இனிக் காசு வாங்கி எவரையும் பழக்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

1829இல் எடின்பரோவிலிருந்து ஜேம்ஸ் நாஸ்மித் என்ற இளைஞன் அவரிடம் வந்தான். பிற்காலத்தில் நீராவிச் சம்மட்டியால் பெயர் பெற்றவர் இவர்தான். மோட்ஸ்லி கேட்கும் தொகையைக் கட்டத் தகப்பனால் முடியாது. தான் செய்த சிறு நீராவி இயந்திர மாதிரியையும் வரைபடங்களையும் காட்டினான். மோட்ஸ்லி அவனைத் தன் உதவியாளனாகக் கூலிக்கு எடுத்துக்கொண்டார். கூலி கிழமைக்கு 10 சிலிங். அதற்குள் வாழவேண்டும் என்பதற்காக நாஸ்மித் ஒரு சிறு சமையல் அடுப்பை வரைந்து தகர வேலைக்காரரிடம் செய்வித்தான். எண்ணெய் விளக்கில் எரிகிற அடுப்பு. காலையில் இறைச்சியையும் கிழங்கையும் போட்டுக் கொளுத்திவிட்டு வேலைக்குப் போனால் திரும்பிவரச் சாப்பாடு வெந்திருக்கும். தன் வரலாற்றில் அந்த அடுப்பைப் பற்றி அவர் எழுதும் பெருமையைப் பார்த்தால் நீராவிச் சம்மட்டியை விட அதைத்தான் நேசித்தாரோ என்று தோன்றும். குசினிக்காரர் என்ற முறையில் எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

காசு கட்டியவர்கள் பழகவில்லை, காசு வாங்கியவன் பழகினான் என்று இதிலிருந்து ஒரு விதி செய்துவிடுவது சுகம். ஆனால் நாஸ்மித்துக்கு ஒன்று இருந்தது, அதை மறக்கக்கூடாது. 10 சிலிங்கில் அவர் தன் வயிற்றை மட்டும் பார்த்தால் போதும். ஊரில் கடன் இல்லை.

இங்கேதான் எங்கள் கணக்கு வேறாகிறது. 2025இன் குறைந்தபட்ச மணிக்கூலியில் முழுநேரம் குசினியில் நிற்கிறவனுக்கு, வரிக்கு முன், மாதம் ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு யூரோ. அதே வருடம் சங்க ஒப்பந்தம் இல்லாத சிறிய பட்டறையில் பயிலுகிறவனுக்கு அதில் பாதியும் வராது. 42 மாதத்துக்கு அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் நாற்பது ஐம்பதினாயிரம் யூரோ வரை போகும். லேர்கெல்ட் ஒழிந்துபோகவில்லை, அது இந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பெற்றார் வீட்டில் படுத்துச் சாப்பிடும் பதினாறு வயதுப் பிள்ளை அதை உணராமலே கட்டுகிறது. ஏஜென்சிக்குக் கொடுத்த காசுக்கு வட்டி கட்டிக்கொண்டு, தங்கையின் அலுவலையும் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவனால் கட்டமுடிவதில்லை. எம்மவர் சிலரே அவனுக்குச் சொல்வார்கள்: "உந்த இரும்பை விட்டிட்டு எங்கட றெஸ்ரோறன்றுக்கு வா, கையில காசு காணலாம்." அக்கறையில் சொல்வதுதான். அனுப்பு காசு நின்றால் ஊரில் என்ன நடக்கும் என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் அந்த அக்கறை ஒரு இருபது வயதுக்காரனின் நாற்பது வயதை விற்று இந்த மாதத்தைக் கட்டுகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

முதலாளி தர்மத்துக்குக் கொடுக்கிறார் என்று எவரும் நினைக்கவேண்டாம். ஜேர்மனியில் சராசரியாகப் பார்த்தால் பயிற்சிக் காலத்தில் நிறுவனத்துக்குச் செலவுதான் கூட, பழக்கியவனைப் பிறகு வேலைக்கு வைத்து அதை மீட்கிறது. பக்கத்தில் சுவிசில் எடுத்த ஆய்வுகளின்படி சராசரிப் பயிலுனரின் உழைப்பு பயிற்சி முடிய முன்பே அவருக்கான செலவை ஈடுசெய்து மிஞ்சுகிறது. அப்படியானால் சுவிஸ்காரன் சுரண்டுகிறான், ஜேர்மன்காரன் வாரிக் கொடுக்கிறான் என்பதா? அப்படிப் பார்க்க எங்களுக்கு மனமில்லை. இலாபம் வந்ததா என்பதல்ல, அந்த இலாபம் கற்பதன் வழியாக வந்ததா, கற்பதைத் தின்று வந்ததா என்பதே கேட்கவேண்டியது. ஜேர்மன் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல வசனம் இருக்கிறது: பயிற்சியின் நோக்கத்துக்கு உதவுகிற வேலையை மட்டுமே பயிலுனருக்குக் கொடுக்கலாம். தான் வேலை செய்த மெசினைத் துடைப்பது பயிற்சி. மைஸ்ரரின் காரைக் கழுவுவது பயிற்சியல்ல. ஊரில் எங்கள் கராச்சுப் பொடியன்கள் முதலாளி வீட்டு விறகும் கொத்தியவர்கள்.

குரு கேட்பதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். துரோணர் ஏகலைவனுக்கு ஒரு நாளும் பாடம் சொல்லவில்லை. மண்ணுருவத்தை வைத்து அவனாகப் பழகினான். இருந்தும் கட்டைவிரல் கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது. அதை நாங்கள் குருபக்தி என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் புள்ளி வாங்கினோம். கூலி கொடுத்துப் பழக்குகிற இந்த நாட்டின் பயிற்சிச் சட்டம் எதிர்த்திசையில் நிற்கிறது. பயிற்சிக்காகப் பயிலுனரிடம் ஈடு கேட்கும் எந்த உடன்பாடும் செல்லாது. பயிற்சி முடிந்தபின் அவர் தொழில் செய்யும் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாடும், கடைசி ஆறு மாதத்துக்குள் அவர் அங்கேயே வேலைக்குச் சேர ஒப்புக்கொள்வதைத் தவிர, செல்லாது. சோதனைக் காலம் முடிந்தபின் பாரிய காரணம் இன்றி முதலாளி அவரை நிறுத்தமுடியாது. ஆனால் பயிலுனர் வேறு தொழில் பழக விரும்பினால் நாலு கிழமை அறிவித்தல் கொடுத்துவிட்டுப் போகலாம். போகும் உரிமையைப் பலவீனமானவன் பக்கம் கூட்டி வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டின் சட்டங்களைப் பாராட்டுவதற்கு எங்களுக்குக் காரணங்கள் குறைவு. இதைப் பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டவேண்டியிருக்கிறது. மேலே சொன்ன பொடியனின் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அவன் கையிலிருப்பது டுல்டுங், அதாவது 'பொறுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் கடதாசி. 2021 மார்ச் 30ஆம் திகதி டுசல்டோர்ப்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிக்கொண்டு தனி விமானம் போனதை அவனும் கேள்விப்பட்டிருக்கிறான். அவனை அந்த மாதிரி விமானத்திலிருந்து தள்ளி வைத்திருப்பது பயிற்சி ஒப்பந்தம். 2016இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, பயிற்சி நடக்கும்வரை திருப்பி அனுப்பமாட்டார்கள். முடித்து, பழகிய தொழிலிலேயே வேலை கிடைத்தால் இரண்டு வருட வதிவிட அனுமதி. இடையில் பயிற்சி நின்றால் நிறுவனம் இரண்டு கிழமைக்குள் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். வேறு இடம் தேட ஒரே ஒரு முறை ஆறு மாதம் கிடைக்கும்.

இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, தொழிலை விட்டுப்போகும் சுதந்திரத்தை எவரும் வாங்கமுடியாது என்கிறது. மற்றது, விட்டுப்போனால் நாட்டைவிட்டும் போகவேண்டி வரலாம் என்கிறது.

"அண்ணை, எனக்கு இந்த மெசின் மனசுக்குப் பிடிக்கேல்லை" என்று ஒருநாள் சொன்னான். "வயசுபோனாக்களைப் பாக்கிற வேலை பழகவேணும் போல கிடக்கு. அம்மம்மாவை நான்தானே பாத்தனான்."

"அப்ப நாலு கிழமை நோட்டீஸ் குடுத்திட்டு மாறன் தம்பி. சட்டம் இருக்கு."

"அது இஞ்சத்தைப் பெடியளின்ரை சட்டம் அண்ணை. நான் விட்ட அண்டைக்கே கந்தோருக்குக் கடிதம் போயிடும். ஆறு மாசத்துக்குள்ள வேற இடம் கிடைக்காட்டி?"

நாம் பதில் சொல்லவில்லை. எங்களிடம் இருக்கவில்லை.

அவனுடைய பட்டறையின் மைஸ்ரர் ஒருமுறை மற்றவர்கள் முன்னிலையில், நீ கடதாசிக்காகத்தான் பழகுகிறாய், தொழிலுக்காக அல்ல என்று சொல்லியிருக்கிறார். அது அவனைச் சுட்டது. உண்மை என்பதால் சுட்டது என்று சிலர் சொல்லலாம். இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரனைக் கொண்டுவருகிறார். சின்னப் பிள்ளை வந்தாலும் சரியான விலைக்கே விற்பான். ஆனால் நேர்மையின்பொருட்டல்ல, கடைக்குப் பெயர் கெடாமல் இருக்க. அவன் செயல் கடமைக்கு இசைந்தது, கடமையிலிருந்து பிறந்ததல்ல என்பார். மைஸ்ரர் கான்ட்டைப் படித்தாரோ தெரியாது, சொன்னது அதைத்தான். கான்ட்டோடு மல்லுக்கட்ட எங்களுக்கு அறிவு போதாது, பல்கலைக்கழகத்தை இரண்டாம் ஆண்டோடு விட்டவர்கள் நாம். ஆனால் இரண்டு விசயம் கேட்கலாம். பக்கத்து மெசினில் நிற்கும் ஜேர்மன் பொடியன் ஏன் வந்தான் என்று மைஸ்ரர் கேட்டதுண்டா? அவன் தகப்பன் கொண்டுவந்து விட்டதால் வந்தான், மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு சேர்க்க வந்தான். அவனுக்கு நோக்கம் எதுவாகவும் இருக்கலாம், எங்களுடையவன் மட்டும் இரும்பைக் காதலிக்கவேண்டும். அந்த இரண்டு முனை அளவுக்கோல் இருவரின் துளையிலும் ஒரேமாதிரித்தான் போகிறது, போகாமல் நிற்கிறது.

இரண்டாவது, கடதாசியையும் தொழிலையும் ஒன்றாக முடிந்து வைத்தது அவனல்ல, அரசு. முடிந்தவரை விட்டுவிட்டு, முடிச்சில் தொங்குகிறவனிடம் ஏன் கயிற்றைப் பிடித்திருக்கிறாய் என்று கேட்பது நியாயமில்லை. இதை மைஸ்ரர் மீதான குற்றச்சாட்டாக எழுதவில்லை. அவனுக்குச் சக்கின் சாவியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்து விரலைக் காப்பாற்றியதும் அவர்தான்.

ஆனால் முடிச்சு என்ன செய்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். பயிற்சி நேரத்துக்கு மேல் வேலை செய்வித்தால் அதற்குத் தனியாகக் கூலி, அல்லது ஓய்வு கொடுக்கவேண்டும். சனிக்கிழமைகளில் அவசர ஓடர் என்று அவனைக் கூப்பிடுவார்கள். ஜேர்மன் பொடியன் கொப்பியில் மணித்தியாலம் குறித்து வைத்து மாதக் கடைசியில் கேட்பான். எங்களுடையவன் கேட்பதில்லை. கேட்டால் தராமல் விடமாட்டார்கள் என்றும் தெரியும். தெரிந்தும் கேட்பதில்லை. நத்தாருக்கு ஒரு கடித உறையில் இருநூறு யூரோ வைத்துக் கொடுத்தார்கள், அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டான். கூலியாக இருந்தது திரும்பவும் சந்தோசமாகிவிட்டது.

எங்கள் வீடுகளிலும் ஒரு வார்த்தை. இங்கே பிறந்த பிள்ளை ஜிம்னாசியத்துக்குப் போகாமல் கடைசல் பழகப் போகிறேன் என்றால் வீட்டில் செத்தவீடு. "இதுக்கோ நாங்கள் குளிருக்கை கோப்பை கழுவினது?" கொண்டாட்ட வீடுகளில் 'மெக்கானிக்கல் படிக்கிறான்' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். கையில் எண்ணெய் படுகிற தொழிலுக்கு எங்கள் சமூகம் ஒதுக்கிய இடம் எது, யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். கொல்லனின் மகன் கொல்லன் என்று பிறப்போடு கட்டிவைத்து, கற்பித்தலுக்குக் கூலியும் இல்லை, விட்டுப்போகும் உரிமையும் இல்லை என்று பரம்பரை பரம்பரையாக நடத்தினோம். அதைவிட நீண்ட பயிற்சி ஒப்பந்தம் எங்கும் இருந்திராது. 1959இல் ஜேர்மன் உதவியோடு தொடங்கி இன்று மொரட்டுவையில் இருக்கும் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் எத்தனையோ பேரைத் தொழிலாளராக்கியது. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் அப்படியொன்றை ஜேர்மன் உதவியில் திறந்தார்கள். அங்கே மெசின் வைத்துப் பழக்கும் அதே நாடு இங்கே வந்து பழகுகிறவனைப் பொறுத்துக்கொள்கிறது. அங்கே பழகுங்கள் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. எந்த ஊரில் பழகுவது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு எவரும் ஊரைவிட்டு ஓடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கற்பவனுக்குக் கொடுக்கும் கூலி என்பது அவனுக்கு ஒரு நாளை உண்டு என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வது. மணிக்கூலி இன்றைய வேலையோடு தீர்ந்துவிடும். அதனால்தான் அகதிக்கு மணிக்கூலி தர எவருக்கும் தயக்கமில்லை. நாலு வருடத்துக்குப் பிறகு பயன்தரும் ஒன்றில் காசு போட, அவன் நாலு வருடம் இங்கே இருப்பான் என்று நம்பவேண்டும். எங்களில் பலருக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டிய கடதாசியை வைத்துக்கொண்டு எந்தப் பட்டறை அப்படி நம்பியிருக்கும்? பொடியனின் முடிச்சை இவ்வளவு குறை சொன்னபின்பும், அந்தச் சின்ன நிறுவனம் அவனை நம்பியது என்பதை மறைக்கமுடியவில்லை. எங்களை நம்பவில்லை என்ற பொறாமையும் இதற்குள் கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும்.

அவனுடைய இரண்டாம் பகுதிப் பரீட்சை வருகிற மாரியில். அதன்பின் இரண்டு வருடம் அதே தொழிலில் நிற்கவேண்டும். அதுக்குப் பிறகாவது வயோதிபர் இல்லத்துக்குப் போவாயா என்று கேட்டோம்.

"அப்ப எனக்கு இருபத்தாறு அண்ணை. அதுவும் மூண்டு வருசப் படிப்பு" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கும் படிக்கேக்கை சம்பளம் தருவினம்தானே?" என்று கேட்டான்.

தருவார்கள் என்று சொன்னோம்.